நாற்பது புடவைப் படம், ஒரு பழைய கம்ப்யூட்டர்: ஹோவர் எஃபெக்ட் திணறாமல் ஓட என்ன செய்வது?

நூல்கண்டு

வணக்கம். சித்தப்பாவின் பட்டுப் புடவைக் கடைக்கு இணையதளம் செய்துகொண்டிருக்கிறேன். முகப்பில் நாற்பது புடவை, கட்டம் கட்டமாக. கட்டத்தில் மடித்து வைத்த புடவையின் படம் இருக்கும். மவுஸை மேலே கொண்டுபோனால் (அதுதான் ஹோவர்) முந்தானையை விரித்துக் காட்டும் இரண்டாவது படம் வர வேண்டும், கட்டம் கொஞ்சம் பெரிதாக வேண்டும், கீழே நிழல் விழ வேண்டும். சித்தப்பா கேட்டது இவ்வளவுதான்.

என் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கடையில் பில் போடும் பழைய கம்ப்யூட்டரில் படங்கள் விட்டு விட்டு வளர்கின்றன, பக்கத்துக் கட்டங்களும் சேர்ந்து தள்ளாடுகின்றன. இன்னொரு தொல்லை: எந்தக் கட்டத்திலும் முதல் தடவை மவுஸ் வைத்தால் கொஞ்ச நேரம் வெள்ளையாக நின்றுவிட்டு அப்புறம்தான் முந்தானை வருகிறது. அடுத்த தடவை சரியாக வருகிறது.

இப்போது ஹோவரில் எழுதியிருப்பது: விட்த் 300 பிக்சலிலிருந்து 320, ஹைட் 400லிருந்து 427, ஒரு பாக்ஸ் ஷேடோ, பேக்ரவுண்ட் இமேஜ் மாற்றம். டிரான்சிஷன் ஆல் (மாறுவதெல்லாம் படிப்படியாக மாற), அரை நொடி. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லை. வெறும் சிஎஸ்எஸ் (தோற்றத்தைச் சொல்லும் விதிகள்) இப்படித் திணறுமா?

அரைப்புள்ளி

தாராளமாகத் திணறும். எந்த ப்ராப்பர்ட்டியை அசைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரவுசர் ஒரு ஃப்ரேமைத் திரைக்குக் கொண்டுவர வரிசையாகச் சில வேலைகள் செய்யும். எந்த ஸ்டைல் எதற்கு என்று பார்க்கும். எது எங்கே, எவ்வளவு அகலம் என்று லேயவுட் போடும். பிறகு பிக்சல்களை வரையும், அது பெயிண்ட். கடைசியாக வரைந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திரைக்கு அனுப்பும், அது கம்போசிட். 60 ஹெர்ட்ஸ் திரையில் இத்தனைக்கும் சேர்த்து ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் அதில் பாதி.

நீங்கள் விட்த், ஹைட் இரண்டையும் அரை நொடி அசைக்கிறீர்கள். அதாவது முப்பது ஃப்ரேம். ஒரு கட்டம் ஒரு பிக்சல் வளர்ந்தாலும் கிரிட்டில் மற்றவை எங்கே நிற்க வேண்டும் என்று மறுபடி கணக்குப் போட்டாக வேண்டும். லேயவுட், பெயிண்ட், கம்போசிட் எல்லாம் முப்பது தடவை. பக்கத்துக் கட்டங்கள் தள்ளாடுவதும் இதனால்தான்.

டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, பெரிதாக்குவது, திருப்புவது), ஒபாசிட்டி (எவ்வளவு தெரிய வேண்டும் என்பது) இரண்டும் வேறு ஜாதி. படத்தை ஒரு தடவை வரைந்து தனி அடுக்காக வைத்துக்கொண்டால் போதும், பெரிதாக்குவதும் மங்கலாக்குவதும் கம்போசிட் கட்டத்திலேயே, பெரும்பாலும் ஜிபியு என்ற கிராஃபிக்ஸ் சிப்பில், முடிந்துவிடும். பக்கத்தின் மற்ற வேலைகள் ஓடும் மெயின் த்ரெட் வேறு வேலையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும் இவை தடைபடாமல் ஓடும். ஆகவே விட்த், ஹைட் இரண்டையும் தூக்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மில் ஸ்கேல் 1.05 போடுங்கள்.

போடும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெளியே ஒரு சட்டம், அதற்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (வெளியே நீட்டுவதை வெட்டுவது), உள்ளே படம். ஹோவரைச் சட்டத்துக்கு எழுதுங்கள், ஸ்கேலைப் படத்துக்கு எழுதுங்கள். இரண்டையும் ஒரே எலிமெண்ட்டில் எழுதி, கட்டத்தை மேலே தூக்குகிற மாதிரி எஃபெக்ட் வைத்தால் வேடிக்கை பார்க்கலாம்: மவுஸ் கீழ் ஓரத்தில் இருக்கும்போது கட்டம் மேலே போகும், மவுஸுக்குக் கீழே கட்டம் இல்லாமல் போகும், ஹோவர் விலகும், கட்டம் திரும்பக் கீழே வரும், ஹோவர் மறுபடி ஒட்டும். நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். சட்டம் அசையாமல் நின்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

டிரான்சிஷனில் ஆல் என்று எழுதாதீர்கள். எது மாற வேண்டுமோ அதன் பெயரை மட்டும் எழுதுங்கள். ஆல் போட்டால் நாளைக்கு யாரோ பேடிங்கை (உள் இடைவெளியை) மாற்றினால் அதுவும் சேர்ந்து அசையும். அரை நொடியும் அதிகம், 200 மில்லிசெகண்ட் பக்கம் வையுங்கள். இன்னொன்று, டிரான்சிஷன் வரி சாதாரண நிலையில் இருக்கட்டும், ஹோவர் விதிக்குள் வேண்டாம். ஹோவருக்குள் மட்டும் இருந்தால் போகும்போது மெதுவாகப் போகும், திரும்பும்போது வெடுக்கென்று திரும்பும்.

நூல்கண்டு

அருமையான விளக்கம், நன்றி. நிழல்? அதுவும் லேயவுட் வேலையா?

அரைப்புள்ளி

இல்லை, பெயிண்ட் வேலை. பாக்ஸ் ஷேடோவை அசைத்தால் லேயவுட் மாறாது. ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நிழலைப் புதிதாக வரைய வேண்டும், மங்கல் ஆரம் பெரிதாகப் பெரிதாகச் செலவும் கூடும். சுற்றுவழி சுலபம். சட்டத்துக்கு ஒரு ஆஃப்டர் சூடோ எலிமெண்ட் (சிஎஸ்எஸ்ஸே உருவாக்கும் துணைப் பெட்டி) வைத்து, ஹோவரில் என்ன நிழல் வேண்டுமோ அதை முழுதாக அதிலேயே போட்டு, ஒபாசிட்டியை 0 ஆக்கிவிடுங்கள். ஹோவரில் 1. நிழல் முன்பே வரைந்து தயாராக இருக்கும், தெரிவதும் மறைவதும் மட்டும்தான் நடக்கும்.

ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்ட அதே எலிமெண்ட்டின் ஆஃப்டரில் வைத்தால் நிழல் வெட்டுப்படும். அதனால் வெளிச்சட்டம் ஒன்று, படத்தை வெட்டும் உள்சட்டம் ஒன்று என்று இரண்டு வேண்டும்.

கடலைமிட்டாய்

எதற்கு இவ்வளவு சுற்றல்? எல்லாப் படத்துக்கும் வில்-சேஞ்ச் டிரான்ஸ்ஃபார்ம் என்று ஒரு வரி (இது மாறப்போகிறது என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்வது) போட்டால் ஜிபியு பார்த்துக்கொள்ளும். நான் எல்லா ப்ராஜெக்ட்டிலும் அப்படித்தான் செய்கிறேன். இதுவரை எந்த கிளையண்ட்டும் குறை சொன்னதில்லை.

அரைப்புள்ளி

கிளையண்ட் குறை சொல்லாதது அவர் கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர் என்பதால்கூட இருக்கலாம், ப்ரோ. கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு கட்டம் 300க்கு 400. இரட்டை அடர்த்தித் திரையில் அது 600க்கு 800, ஆக 4,80,000 பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் வீதம் கிட்டத்தட்ட 1.9 எம்பி. நாற்பது படத்துக்கும் தனி அடுக்கு கேட்டால் 77 எம்பி. முந்தானைப் படத்துக்கும் கேட்டால் அதுவே இரு மடங்கு. எந்த நேரத்திலும் மவுஸ் ஒரே ஒரு கட்டத்தின் மேல்தான் இருக்கும். மீதி முப்பத்தொன்பதுக்கும் எதற்கு இடம் பிடித்து வைக்க வேண்டும்? பில் போடும் கம்ப்யூட்டரில் ஜிபியுவுக்குத் தனி மெமரிகூட இருக்காது, ராமிலிருந்துதான் எடுக்கும்.

டிரான்ஸ்ஃபார்ம் டிரான்சிஷன் ஓடத் தொடங்கும்போது பிரவுசரே தனி அடுக்கு கொடுத்து, முடிந்ததும் எடுத்துவிடும். வில்-சேஞ்ச் இல்லாமலே நடக்கும்.

கடலைமிட்டாய்

தொடங்கும் நேரத்தில் அடுக்கு உருவாவதால் முதல் ஃப்ரேமில் ஒரு சின்ன இடறல் வருமே. பழைய மெஷினில் அது கண்ணுக்கே தெரியும். வில்-சேஞ்ச் அதற்காகத்தானே இருக்கிறது?

அரைப்புள்ளி

அந்த இடறல் உண்மைதான். அது தொல்லையாக இருந்தால் கட்டத்துக்குள் மவுஸ் நுழைந்ததும் அல்ல, கட்டம் இருக்கும் வரிசைக்குள் நுழைந்ததுமே அந்த வரிசைப் படங்களுக்கு மட்டும் வில்-சேஞ்ச் கிடைக்கிற மாதிரி எழுதலாம். நாலு ஐந்து படம், வரிசையை விட்டு விலகியதும் போய்விடும். இதற்கு ஒவ்வொரு வரிசையும் தனி எலிமெண்ட்டாக இருக்க வேண்டும். ஆனால் எழுத்து இருக்கும் எலிமெண்ட்டுக்கு அதைக் கொடுத்து ஸ்கேல் செய்யாதீர்கள். குரோமில் பழைய அளவில் வரைந்ததையே இழுத்துப் பெரிதாக்கும், எழுத்து மங்கும்.

நூல்கண்டு, அந்தப் படங்களின் உண்மையான அளவு என்ன? கட்டத்தின் அளவைக் கேட்கவில்லை, ஃபைலின் பிக்சல் அளவு.

நூல்கண்டு

போட்டோகிராபர் கொடுத்ததை அப்படியே ஏற்றினேன். 3000க்கு 4000. ஆனால் ஜேபெக்காகக் கம்ப்ரஸ் செய்திருக்கிறேன், ஃபைல் ஒன்றரை எம்பிதான்.

அரைப்புள்ளி

ஃபைல் ஒன்றரை எம்பி. பிரவுசர் அதை முழுதாக விரித்தால் 3000 பெருக்கல் 4000 பெருக்கல் 4, ஆக 48 எம்பி. ஒரு படத்துக்கு! ஜேபெக்கின் கம்ப்ரஷன் வலைப்பின்னலில் வரும் பயணத்துக்கு மட்டும்தான். திரையில் வரைய வேண்டுமென்றால் எல்லாப் பிக்சலையும் விரித்தாக வேண்டும். நீங்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான், ஹோவர் அப்புறம்.

சாதாரணத் திரைக்கு 320 அகலம், இரட்டை அடர்த்திக்கு 640 அகலம் என்று இரண்டு அளவு எடுத்து சோர்ஸ்செட்டில் (திரைக்கு ஏற்றதை பிரவுசரே தேர்ந்தெடுக்கும் பட்டியல்) கொடுங்கள். 300, 600 என்று சரியாக வெட்டாமல் கொஞ்சம் கூட்டி வைப்பது ஸ்கேல் 1.05க்காக. பெரிதாகும்போது மங்காது. வெப்பி அல்லது ஏவிஃப் ஃபார்மேட்டில் ஃபைல் இன்னும் இளைக்கும், ஆனால் நினைவில் வையுங்கள், விரித்தால் எல்லா ஃபார்மேட்டும் ஒன்றுதான்.

யாழ்நிரல்

முதல் தடவை வெள்ளையாக நிற்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது பழைய வியாதி. ஹோவர் விதிக்குள் எழுதிய பேக்ரவுண்ட் படத்தை பிரவுசர் ஹோவர் நடக்கும் வரைக்கும் தரவிறக்காது. மவுஸ் வந்த பிறகுதான் கேட்கப் போகும், அது வந்து சேரும் வரை வெள்ளை.

ட்ரீம்வீவர் என்ற மென்பொருளால் தளம் செய்த காலத்தில் ஜாவாஸ்கிரிப்டால் எல்லாப் படத்தையும் முன்கூட்டியே இறக்கி வைப்பார்கள். பிறகு 2004இல் டேவ் ஷே 'எ லிஸ்ட் அபார்ட்' இதழில் சிஎஸ்எஸ் ஸ்பிரைட் பற்றி எழுதினார். இரண்டு நிலையையும் ஒரே படத்தில் ஒட்டி வைத்து, ஹோவரில் பேக்ரவுண்ட் பொசிஷனை நகர்த்துவது. இறக்குவது ஒரே கோப்பு, அதனால் வெள்ளை இல்லை. அப்போது ஐஇ 6 (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) வேறு, ஹோவரை இணைப்பு எலிமெண்ட்டுக்கு மட்டும்தான் மதிக்கும். அதனால் எல்லாவற்றையும் இணைப்புக்குள் திணித்துத்தான் எழுதினோம். நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது.

உங்களுக்கு ஸ்பிரைட் தேவையில்லை. இரண்டு படத்தையும் இமேஜ் டேகாகவே போட்டு, முந்தானையை மேலே அப்சலூட்டாக வைத்து ஒபாசிட்டி 0 ஆக்குங்கள். லோடிங் லேசி கொடுத்தால் திரைக்கு அருகே வரும்போது இரண்டும் இறங்கிவிடும். டிஸ்ப்ளே நன் போட்டு மறைக்க வேண்டாம். லேசியுடன் அது சேர்ந்தால் படம் இறங்காது, பழைய வெள்ளை திரும்பி வரும்.

ஒருக்கால் செய்து பார்த்தால்தான் விளங்கும் சங்கதி இன்னொன்று: ஹோவரில் மேல்படத்தை மட்டும் 0இலிருந்து 1க்குக் கொண்டுவாருங்கள், கீழ்ப்படத்தை அப்படியே விடுங்கள். பலர் கீழ்ப்படத்தை அதே நேரத்தில் 1இலிருந்து 0க்கு இறக்குவார்கள். பாதி வழியில் இரண்டும் 0.5. கீழே பாதி மறைக்கும், மிச்சத்தில் பாதியை மேலே மறைக்கும், ஆக 75 சதவீதம்தான் மூடியிருக்கும். மீதி 25 சதவீதம் பின்னால் இருக்கும் வெள்ளை கசியும். அரக்கு நிறப் பட்டு மாறும்போது நடுவில் ஒரு கணம் வெளிறித் தெரியும்.

கருங்குயில்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். புடவைக் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் மவுஸ் வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் கைபேசியில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டுதான் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஹோவரே கிடையாது. தெரியாத படத்தையும் இறக்க வைத்து அவர்கள் டேட்டாவைத் தின்கிறீர்கள். நான் என் டிசைன்களில் ஹோவர் எஃபெக்ட்டை முழுதாக நிறுத்திவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

யாழ்நிரல்

டேட்டா பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்காக ஹோவரை முழுக்க விட வேண்டியதில்லை. மீடியா குவரியில் (சாதனம் எப்படிப்பட்டது என்று கேட்டு விதி போடுவது) ஹோவர் ஹோவர், பாயின்டர் ஃபைன் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். முதலாவதை மட்டும் கேட்டால் போதாது, சில ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகள் தங்களுக்கு ஹோவர் உண்டென்று சொல்லிக்கொள்கின்றன.

இதே குவரியை பிக்சர் டேகுக்குள் இருக்கும் சோர்ஸின் மீடியாவிலும் எழுதலாம் தானே. மவுஸ் உள்ளவருக்கு முந்தானைப் படம், மற்றவருக்கு ஒரு பிக்சல் வெற்றுப் படம். கைத்தொலைபேசியில் இரண்டாவது படம் இறங்கவே இறங்காது.

அரைப்புள்ளி

அது நல்ல வழி. ஹோவர் விதிகளை எல்லாம் அந்த மீடியா குவரிக்குள்ளேயே வைத்துவிட்டால் இன்னொரு தலைவலியும் தீரும். தொடுதிரையில் கட்டத்தைத் தட்டினால் ஹோவர் ஒட்டிக்கொண்டு நிற்கும், வேறெங்காவது தட்டும் வரை போகாது. ஐஃபோனில் சில சமயம் முதல் தட்டு ஹோவராகவே போய்விடும், இரண்டாவது தட்டில்தான் பக்கம் திறக்கும். டெயில்வின்ட் என்ற சிஎஸ்எஸ் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு நான்காம் பதிப்பிலிருந்து ஹோவர் என்று எழுதினாலே ஹோவர் மீடியா குவரி தானாகச் சேர்ந்துவிடுகிறது.

கருங்குயில் சொன்னதில் ஒரு பாதியை நானும் எடுத்துக்கொள்வேன். விலை, நெசவு, இருப்பு உண்டா என்பது மாதிரி விவரம் ஹோவரில் மட்டும் தெரியும்படி வைக்கவே கூடாது. முந்தானைப் படம் கைபேசியில் தட்டினால் வரும் பக்கத்தில் இருக்கத்தானே போகிறது? அப்போது ஹோவர் வசதிதான், இல்லாதவருக்கு இழப்பில்லை.

கருங்குயில்

சரி, அப்படியென்றால் கீபோர்டையும் சேருங்கள். டேப் விசையால் நகர்கிறவருக்கும் அதே எஃபெக்ட் வர ஃபோக்கஸ்-விசிபிள் போட வேண்டும். கட்டத்துக்குள்ளே இணைப்பு இருந்தால் சட்டத்துக்கு ஃபோக்கஸ்-விதின். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல் வழிகாட்டியில் 1.4.13 என்ற விதி இதற்கென்றே இருக்கிறது: ஹோவரிலோ ஃபோக்கஸிலோ ஏதாவது கூடுதலாக வந்து மற்றதை மறைத்தால், மவுஸை நகர்த்தாமலே அதை மூட வழி வேண்டும், அதன் மேலேயே மவுஸைக் கொண்டுபோக முடிய வேண்டும், படித்து முடிக்கும்முன் தானாகப் போகக் கூடாது. அசைவைக் குறைக்கும்படி சிஸ்டத்தில் வைத்திருப்பவருக்கு ஸ்கேலை நிறுத்திவிட்டு ஒபாசிட்டியை மட்டும் விடுங்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி.

நூல்கண்டு

எல்லாம் குறித்துக்கொண்டேன். ஹோவரில் புடவையின் பெயர்ப் பட்டை கீழிருந்து மேலே வரும்படியும் வைத்திருக்கிறேன். அதில் தமிழ்ப் பெயரின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. ஆங்கிலப் பெயர் சரியாக நிற்கிறது.

யாழ்நிரல்

லைன் ஹைட் 1.2 வைத்திருப்பீர்கள். ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்குப் போதாது. கி, கீ மேலே கொக்கி எழும்பும், ழு, மூ மாதிரி எழுத்துக்கள் கீழே நன்றாக இறங்கும். சட்டத்துக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் இருப்பதால் வெளியே நீட்டியது வெட்டுப்படுகிறது. 1.5க்கு மேல் வைத்து, மேலும் கீழும் கொஞ்சம் பேடிங் கொடுங்கள். பட்டையின் ஹைட்டை 0இலிருந்து வளர்க்காதீர்கள், அது திரும்பவும் லேயவுட். பட்டை முழு உயரத்தோடு கீழே மறைந்து நிற்கட்டும், டிரான்ஸ்லேட்டால் மேலே கொண்டுவாருங்கள். தமிழ்ப் பெயர் இரண்டு வரி போகும் என்று எண்ணியே இடம் ஒதுக்குங்கள். "மயில்கழுத்து நிற வைரஊசிப் பட்டு" ஒரு வரிக்குள் அடங்காது. படத்தின் மேலே வரும் இந்தப் பட்டைக்கும் கருங்குயில் சொன்ன விதியைப் பாருங்கள், பெயரைக் கைத்தொலைபேசியில் படத்துக்குக் கீழே நிரந்தரமாகவே போட்டுவிடலாம்.

கடலைமிட்டாய்

என் பங்குக்கு ஒன்று. மவுஸ் வைத்த புடவை பளிச்சென்று இருக்க, மற்றவை எல்லாம் மங்கினால் அழகாக இருக்கும். முன்பு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். இப்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வெளியே இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் ஹேஸ் சிஎஸ்எஸ்ஸிலேயே இருக்கிறது: ஹோவரான கட்டம் ஏதாவது உள்ள கிரிட், அதில் ஹோவராகாத கட்டங்கள், அவற்றுக்கு ஒபாசிட்டி 0.5. சஃபாரியிலும் குரோமிலும் 2022, ஃபயர்ஃபாக்ஸில் 2023 டிசம்பர் 121ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கிறது. கட்டங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மவுஸ் தாண்டும்போது எல்லாம் ஒரு தரம் பளிச்சிடும். திரும்பும் வழியில் மட்டும் 100 மில்லிசெகண்ட் டிலே வைத்தால் போய்விடும்.

அரைப்புள்ளி

நன்றாகத்தான் இருக்கும். நாற்பதும் ஒரே நேரத்தில் அசையும் என்பதை மட்டும் பாருங்கள். ஒபாசிட்டி என்பதால் தாங்கும். அதையே பிளர் ஃபில்டரில் செய்ய ஆசைப்படாதீர்கள், ஆரம் கூடக்கூட அந்த வேலை கனக்கும், பழைய ஜிபியு படுத்துவிடும். கிரேஸ்கேல் அவ்வளவு மோசமில்லை. ஆனால் பட்டின் நிறத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டினால் சித்தப்பா என்ன சொல்வாரோ!

இனி யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். குரோம் டெவ்டூல்ஸில் ரெண்டரிங் தாவலுக்குப் போய் பெயிண்ட் ஃபிளாஷிங்கை ஆன் செய்யுங்கள். மவுஸை நகர்த்துங்கள். பிரவுசர் புதிதாக வரைகிற இடமெல்லாம் பச்சையாக மின்னும். அசைவு ஓடும் நேரம் முழுக்க மின்னிக்கொண்டே இருந்தால் எதையோ ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வரைகிறது என்று பொருள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மின்னல் வருவது அடுக்கு உருவாவதால், அதை விடுங்கள். பெர்ஃபார்மன்ஸ் தாவலில் சிபியுவை ஆறு மடங்கு மெதுவாக்கியும் பார்க்கலாம். ஜிபியு மெதுவாகாது, ஆகையால் கடைசிச் சோதனை கடைக் கம்ப்யூட்டரில்தான்.

கூகுளின் மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2024 மார்ச்சில் கூகுளின் முக்கிய அளவுகளில் சேர்ந்த ஐஎன்பி (பக்கம் எவ்வளவு விரைவாகப் பதில் தருகிறது என்பது) கிளிக், தட்டு, விசை மூன்றை மட்டும்தான் அளக்கும், ஹோவரைக் கணக்கில் எடுக்காது. ஆனால் சிஎல்எஸ் (பக்கத்தில் இருப்பவை எவ்வளவு இடம் மாறுகின்றன என்பது) எடுக்கும்! கிளிக்குக்குப் பிறகு அரை நொடிக்குள் நடக்கும் நகர்வுக்கு அதில் விலக்கு உண்டு, ஹோவருக்கு அந்த விலக்கு கிடையாது. உங்கள் பழைய விட்த் எஃபெக்ட் பக்கத்துக் கட்டங்களைத் தள்ளியது எல்லாம் அதில் ஏறியிருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மால் நகர்வது ஏறாது.

நூல்கண்டு

எல்லாம் மாற்றியாயிற்று. படங்களைச் சிறிதாக்கியதிலேயே பாதித் திணறல் போய்விட்டது, விட்த்தை எடுத்ததும் மீதியும் போனது. பச்சை மின்னல் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வருகிறது. மிச்சம் ஒன்றே ஒன்று: தங்கையின் மேக்கில், சஃபாரியில், படம் பெரிதாகும்போது மட்டும் கட்டத்தின் வளைந்த மூலைகள் கூர்மையாகி, நின்றதும் வளைகின்றன.

யாழ்நிரல்

சஃபாரியின் பழைய குணம். ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்ட உள்சட்டத்துக்கு ஐசொலேஷன் ஐசொலேட் என்று சேருங்கள்.

நூல்கண்டு

சரியாகிவிட்டது, நன்றி! இப்போது சித்தப்பா புதிதாக ஒன்று கேட்கிறார். மவுஸ் வைத்தால் கட்டம் அட்டை மாதிரி திரும்பிப் பின்பக்கம் முந்தானை தெரிய வேண்டுமாம்.

அரைப்புள்ளி

செய்யலாம், ரொட்டேட்-ஒய் கம்போசிட் வேலைதான். வெளிச்சட்டத்துக்குப் பர்ஸ்பெக்டிவ், திரும்பும் அட்டைக்கு ப்ரிசர்வ்-3டி, இரண்டு பக்கத்துக்கும் பேக்ஃபேஸ் விசிபிலிட்டி ஹிட்டன், பின்பக்கத்தை முன்கூட்டியே 180 டிகிரி திருப்பி வைக்க வேண்டும். அட்டைக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டனோ ஒபாசிட்டியோ கொடுத்தால் 3டி தட்டையாகிவிடும், அவற்றை உள்ளே இருக்கும் பக்கங்களுக்குக் கொடுங்கள். ஹோவர் இங்கேயும் அசையாத வெளிச்சட்டத்துக்குத்தான். அட்டைக்கே எழுதினால் 90 டிகிரியில் அதன் அகலம் பூஜ்யம், மவுஸுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது, பாதியில் திரும்பி வந்துவிடும்.

கருங்குயில்

சித்தப்பாவிடம் ஒரே ஒரு கட்டத்தில் செய்து காட்டிவிட்டு, நாற்பதிலும் வேண்டுமா என்று அப்புறம் கேளுங்கள்.